ஒரு நூல் விலகல்

சிவகாசியில் ஒருத்தி படம் வரைந்தாள், அவள் வரைந்த ஆட்களுக்கெல்லாம் நிறம் கொஞ்சம் ஒதுங்கி நின்றது, இன்றைக்கும் அப்படித்தான் நிற்கிறது, சந்தேகம் உள்ளவர்கள் பஸ் ஏறி வந்து பார்த்துக்கொள்ளலாம். அந்த ஒருத்தி என் தங்கை மாரிக்கனி. நான் அவளுக்கு நாலு வயது மூத்தவள், குருவம்மாள். அவளைப் பற்றி இங்கிலீஷில் கனமான புத்தகங்கள் வந்திருக்கின்றன, அதிலெல்லாம் அவள் தானாகவே கற்றுக்கொண்டவள் என்று போட்டிருக்கிறதாம். அப்படியென்றால் எங்கள் அப்பா எங்கே போனார், அச்சகம் எங்கே போனது என்று கேட்க எனக்கு ஆசை, கேட்டால் அவளுக்கு ஏதும் கெடுதல் வந்துவிடுமோ என்று பயம், அதனால் கேட்கவில்லை.

எங்கள் அப்பா காலண்டர் அடிக்கிற அச்சகத்தில் மிஷின்மேன். அவர் இறந்ததும் நான் ஆறாம் வகுப்போடு நின்றேன், சில வருடம் கழித்து அவள் எட்டாம் வகுப்போடு நின்றாள். நான் தீப்பெட்டி ஒட்டப் போனேன், அவள் அப்பா வேலை பார்த்த அதே அச்சகத்தில் வேஸ்ட் சீட் பிரிக்கப் போனாள். மிஷின் ஓடத் தொடங்கும்போது மையும் தண்ணீரும் ஒரு நிதானத்துக்கு வரும்வரை நல்ல தாளைக் கெடுக்க மாட்டார்கள், ஏற்கெனவே அடித்த தாளையே திரும்பத் திரும்ப உள்ளே விடுவார்கள். முருகன் மேல் பல்பொடி அட்டை விழும், பல்பொடி மேல் கம்ப்யூட்டர் காலேஜ் விளம்பரம் விழும், அதன் மேல் மார்ச் மாதம் விழும், அமாவாசையும் பிரதோஷமும் மயில் தோகைக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதுதான் வேஸ்ட் சீட். எங்கள் வீட்டுச் சுவரில் ஈரம் இறங்குகிற இடத்தில் ஒட்டலாம் என்று மாரிக்கனி அதில் கொஞ்சம் கொண்டுவந்தாள், ஒட்டினாள், ஒட்டிய தாள்களைப் பார்த்துக்கொண்டே இருந்தாள், பிறகு அச்சகத்திலிருந்து கொண்டுவந்த டப்பாவின் அடியில் மிச்சமிருந்த மையை விரலில் தொட்டு அதன் மேல் ஆட்களை வரையத் தொடங்கினாள்.

மிஷின் அடிக்கிற மாதிரியேதான் அவளும் வரைவாள். முதல் நாள் மஞ்சள் மட்டும், அது காய்ந்தபின் மறுநாள் சிவப்பு, அதற்கு மறுநாள் நீலம், கடைசி நாள் கறுப்பு. நாலையும் ஒன்றாகக் கலக்கவே மாட்டாள். "கலந்தா சேறாயிரும்க்கா. ஒண்ணு மேல ஒண்ணு போய் உக்காந்தா அதுவா ஆளாயிரும்" என்பாள். தாளின் நாலு மூலையிலும் வட்டத்துக்குள் ஒரு பிளஸ் போடுவாள். அச்சில் அதற்கு ரிஜிஸ்டர் மார்க் என்று பெயர். மஞ்சளின் பிளஸ் மேல் சிவப்பின் பிளஸும், அதன் மேல் நீலமும், அதன் மேல் கறுப்பும் நூல் பிசகாமல் உட்கார்ந்தால் நிறங்கள் சரியாகச் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம், ஒரு நூல் தள்ளினால் லட்சுமியின் உதட்டுச் சிவப்பு கன்னத்துக்குப் போய்விடும். பின்னாளில் டெல்லியிலிருந்து வந்த ஒரு எழுத்தாளர் அந்தப் பிளஸ்களைப் பார்த்துவிட்டு, பெண்களைக் குறிபார்க்கும் துப்பாக்கி வளையங்களா இவை என்று கேட்டார். மாரிக்கனி அவருக்குக் காப்பி ஊற்றிக்கொண்டே, "அது இல்லாட்டி ஃபோர்மேன் வைவாருங்க" என்றாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார்.

அவளுடைய காலம் திரும்பியது ஒரு புரட்டாசி மாதத்தில். கல்யாணப் பத்திரிகை அடிக்க வந்த சென்னைக்காரர் ஒருவர் மழைக்கு எங்கள் வீட்டுக்குள் ஒதுங்கினார், சுவரைப் பார்த்தார், மழை விட்ட பிறகும் பார்த்தார். சுவரில் ஒட்டியதைப் பெயர்க்க முடியாது என்பதால் புதிதாக ஒன்று வரைந்து தரச் சொன்னார். அப்பாவோடு வேலை பார்த்த சோலையப்பண்ணாச்சியை உட்காரவைத்து, வாய் நிறைய வெற்றிலையோடு அவரை மாரிக்கனி வரைந்தாள். படத்தைப் பார்சல் லாரியில் ஏற்றிவிட்டோம். லாரி விருதுநகர் தாண்டியிருக்கும், இங்கே சோலையப்பண்ணாச்சிக்கு நிறம் ஒதுங்கியது. அதாவது அவருடைய உருவக்கோடு எங்கே இருக்க வேண்டுமோ அங்கேயே இருந்தது, உள்ளே இருந்த மாநிறமும் வெற்றிலைச் சிவப்பும் மட்டும் வடக்குப் பக்கமாக நகர்ந்து, வடக்கே கோட்டுக்கு வெளியே வழிந்தும் தெற்கே ஓரத்தில் வெளிறியும் நின்றன.

வேறு ஊராக இருந்தால் அலறியிருப்பார்கள். எங்கள் ஊரில் இந்தக் கோளாறைப் பார்க்காத ஆள் கிடையாது. அண்ணாச்சி நேராக ஃபோர்மேனிடம் போய், "எனக்கு ரிஜிஸ்டர் போயிருச்சு, ஒரு நாள் லீவு வேணும்" என்றார். ஃபோர்மேன் மேசையிலிருந்த லென்ஸை எடுத்து அவருடைய புஜத்தில் வைத்து ஒரு கண்ணை மூடிப் பார்த்தார். "ஒரு நூல்தான்யா. பார்ட்டி கண்டுபிடிக்க மாட்டான். போய் மிஷினை ஓட்டு" என்றார். அண்ணாச்சியும் போய் ஓட்டினார்.

அதன் பிறகு மாரிக்கனி வரைந்துகொண்டே போனாள், படங்களும் போய்க்கொண்டே இருந்தன. படம் எந்தத் திசையில் போகிறதோ அந்தத் திசைக்கு ஆளின் நிறம் ஒதுங்கும் என்பதை எங்கள் தெரு ஒரு மாதத்துக்குள் கண்டுபிடித்துவிட்டது. சென்னை என்றால் ஒரு நூல், டெல்லி என்றால் இரண்டு நூல், கடல் தாண்டினால் ஒரு விரற்கடை. ஆள் எந்தப் பக்கம் திரும்பி நின்றாலும் நிறம் திரும்பாது, படம் இருக்கிற திசையிலேயே நிற்கும். பூக்காரி பாக்கியத்தாயின் படத்தை டெல்லியில் ஒரு மியூசியம் வாங்கியது, அன்றிலிருந்து பனிக்காலத்தில் வழி குழம்புகிற லாரி டிரைவர்கள் அவளிடம் வந்து, "யக்கா, செத்த ரோட்டுல வந்து நில்லுங்க, வடக்க எதுன்னு பாத்துக்கிடுறோம்" என்று கேட்பார்கள், அவளும் கூடையை இறக்கிவைத்துவிட்டுப் போய் நிற்பாள்.

சில்லறைத் தொந்தரவுகளும் இருந்தன, அவற்றுக்கு ஒவ்வொருவரும் ஒரு வழி செய்துகொண்டார்கள். பொட்டைக் கோட்டுக்கு நேராக வைப்பதா, நிறத்துக்கு நேராக வைப்பதா என்று பெண்களுக்குள் ஒரு வருடம் வாக்குவாதம் நடந்து, சாமி கும்பிடப் போகும்போது கோட்டுக்கு, கல்யாணத்துக்குப் போகும்போது நிறத்துக்கு என்று முடிவானது. தையல்காரர் கோட்டை அளந்தார். போட்டோ ஸ்டுடியோக்காரர் நிறம் ஒதுங்கினது போட்டோவில் தெரியாதபடி, அது ஒதுங்கின திசைக்கு நேராகக் கேமராவை வைத்தார். பெண் பார்க்க வந்தவர்கள், "பொண்ணை வரைஞ்சிருக்கா?" என்று கேட்டார்கள், வரைந்திருக்கிறது என்றால், "எந்தப் பக்கம்?" என்று கேட்டார்கள், மேற்கு என்றால் வெளிநாடு என்று சந்தோஷப்பட்டார்கள். சாயங்காலம் டீக்கடைப் பெஞ்சில் உட்கார்ந்து, "நான் பாம்பே", "நான் லண்டன்", "நீ எங்க, விருதுநகர் தாண்டல போலிருக்கே" என்று ஒருவரையொருவர் கேலி செய்துகொண்டார்கள். என்னை மட்டும் அவள் வரையவில்லை, நான் விடவில்லை. எனக்கு ஏற்கெனவே ரத்த அழுத்தம், இதில் நிறமும் ஒதுங்கினால் எந்த டாக்டரிடம் காட்டுவது?

பயப்பட்டது சரிதான் என்று பிறகு ஆனது. சென்னையில் வெள்ளம் வந்த வருடம் படங்கள் வைத்திருந்த ஒரு கிடங்கில் தண்ணீர் ஏறியது. இங்கே இளநீர் விற்கிற தவசிக்கு மூன்று நாள் நிறமெல்லாம் முழங்காலுக்குக் கீழே இறங்கிக் கிடந்தது, மேலே ஆள் வெறும் பென்சில் கோடு. தண்ணீர் வடிந்து தாள் காய்ந்தபின் நிறம் ஏறிவிட்டது, காதுகள் மட்டும் நீலமாக நின்றுவிட்டன. தவசி சிரித்துக்கொண்டான், வியாபாரம்கூட கூடியது. ஆனால் மாரிக்கனி சாப்பிடாமல் கிடந்தாள். எழுந்தபோது, "இனி மூஞ்சி வரைய மாட்டேன்" என்றாள்.

அதன் பிறகு ஐந்து வருடம் நாற்காலிகளை மட்டும் வரைந்தாள். ஆள் உட்கார்ந்து எழுந்துபோன நாற்காலி, ஈரத்துண்டு கிடக்கிற நாற்காலி, சலூன் நாற்காலி. நாற்காலிகளுக்கு நிறம் ஒதுங்கினால் யாருக்கும் வலிக்காது. இல்லாதவர்களை இவளைப் போல வரைய ஆளில்லை என்று பத்திரிகைகள் எழுதின, ஜெர்மனியில் ஆறு மாதம் தங்கி வேலை செய்யக் கூப்பிட்டார்கள். நான் அந்த நாற்காலிகளைப் பார்க்காமல் திரும்பிக்கொள்வேன்.

அந்த ஜெர்மனிப் பயணத்துக்குக் கொஞ்சம் முன்னால்தான் என் மகன் அழகுராஜ் துபாய்க்குப் புறப்பட்டான். ஒரே பிள்ளை, இருபத்தி மூன்று வயது, ஏஜென்ட் மூலமாக வேலை, முதலில் பம்பாய், அங்கிருந்து விமானம். நான் ஒரு மாதமாகத் தூங்கவில்லை, தண்ணீர் ஒத்துக்கொள்ளுமா, பாஸ்போர்ட்டைத் தொலைத்துவிடுவானா, வெயிலில் மயங்கி விழுந்தால் யார் தூக்குவார்கள் என்று கேட்டுக் கேட்டு அவனையும் தூங்கவிடவில்லை. ஒரு நாள் அவன் மாரிக்கனியிடம் போய் நின்றான்.

"சித்தி, அம்மாவை வரைஞ்சு குடு. நான் கொண்டு போறேன்."

"மூஞ்சி வரையுறதில்லைன்னு தெரியும்ல?"

"படம் எங்கிட்ட இருந்தா அம்மா கலரு மேக்க ஒதுங்கும்ல. எந்திரிச்சதும் கண்ணாடியில பாத்துக்கிடட்டும், நான் இந்தப் பக்கம் இருக்கேன்னு. போன்ல உசுர எடுக்காதுல்ல."

மாரிக்கனி சிரித்துவிட்டாள். எனக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. நாலு நாள் உட்கார்ந்தேன், நாலு நிறமும் போட்டாள். அவன் புறப்பட்டுப் போனான், அடுத்த வாரம் அவளும் ஜெர்மனிக்குப் போனாள்.

நிறம் ஒதுங்கியது. ஆனால் மேற்கே இல்லை. அவன் ஏறிய பஸ் மதுரையைத் தாண்டுவதற்குள் என் மஞ்சள் ஒரு பக்கம் போனது, சிவப்பு ஒரு பக்கம் போனது, நீலம் இன்னொரு பக்கம் போனது. ஊரில் அத்தனை பேருக்கும் நிறம் மொத்தமாகத்தான் ஒதுங்கியிருந்தது, மூன்றும் மூன்று திசையில் போனது எனக்கு மட்டும். இன்று கிழக்கே இருந்த சிவப்பு நாளை தெற்கே இருக்கும். பாக்கியத்தாய் என்னைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பிள்ளை ஊர் ஊரா சுத்துறான் போலிருக்கு மதனி" என்றாள். அவன் மூன்று வாரம் போன் செய்தான், ரூம் நன்றாக இருக்கிறது, சாப்பாடு நன்றாக இருக்கிறது என்றான், பிறகு போன் வரவில்லை. அடித்தால் அணைத்துவைக்கப்பட்டிருக்கிறது என்றது. ஏஜென்டின் கடையில் பூட்டுத் தொங்கியது. ஒரு மாதம், மூன்று மாதம், ஆறு மாதம். தினமும் கண்ணாடி முன்னால் நின்று மூன்று நிறங்களில் எதன் பின்னால் போவது என்று பார்த்துக்கொண்டே இருப்பேன். ஜெர்மனிக்குப் போன் போட்டு, "கலரு சரியில்ல கனி" என்று சொன்னேன். அவள், "நீ என்னைக்குக்கா சரியா இருக்குன்னு சொல்லியிருக்க" என்றாள். நானும் எல்லாவற்றுக்கும் புலம்பிப் புலம்பி என் புலம்பலுக்கு விலையில்லாமல் செய்துவிட்டேன்.

ஏழாவது மாதம் அவள் திரும்பி வந்தாள். பெட்டியோடு வாசலில் நின்றவள் என்னைப் பார்த்ததும் பெட்டியைக் கீழே வைத்தாள்.

"அக்கா, படத்துல மார்க்கை யாரு வெட்டுனா?"

"எந்த மார்க்?"

"மூலையில போட்ட பிளஸ். அது இருந்தாத்தான் மூணும் சேந்து நிக்கும். யாரு வெட்டுனா?"

என் வீட்டுக்காரர் உள்ளே சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அவர் முப்பது வருடமாகக் கட்டிங் மாஸ்டர், அச்சடித்த தாள் எதுவாக இருந்தாலும் அவர் கைக்குப் போய் நாலு ஓரமும் வெட்டுப்பட்டுத்தான் வெளியே போகும். சாப்பாட்டுக் கையோடு எழுந்து வந்தார்.

"நாந்தான்மா. சூட்கேஸ்ல மடங்கிரும்னு... பிளஸ்ஸோட அனுப்புனா ஃபினிஷிங் இல்லாத மாதிரி இருந்துச்சு. வெளிநாட்டுக்குல்ல போகுது."

"அத்தான், என் படத்துல இருக்கிற மார்க்கை ஊரு உலகத்துல ஒருத்தரும் வெட்டல. வெள்ளைக்காரன்கூட வெட்டல."

"வெள்ளைக்காரனுக்குக் கட்டிங் தெரியாதும்மா" என்றார் அவர். சொன்ன பிறகுதான் தான் செய்தது என்னவென்று அவருக்குப் புரிந்தது. அப்படியே உட்கார்ந்துவிட்டார், கையில் சோறு காய்ந்தது. எனக்கு அவரைத் திட்ட வாய் வந்தது, ஆனால் ஏழு மாதமாக நான் கண்ணாடியில் படித்த திசையெல்லாம் பொய் என்பது அப்போதுதான் உறைத்தது, திட்டுவதற்கு மூச்சு இல்லை.

மறுநாள் மாரிக்கனி வந்து, "உன்னைய மறுபடி வரையுறேன். புதுப்படம் பழைய படத்தை இழுக்கவிடாது. வீட்டுலேயே மாட்டிக்குவோம், நீ பழையபடி ஆயிருவ" என்றாள்.

"அப்போ அவன்கிட்ட இருக்கிறது?"

"அது வெறும் தாளாயிரும்."

"வேண்டாம். இந்த மூணுல ஒண்ணாவது அவன் இருக்கிற பக்கமாத்தான இருக்கும்."

நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன். பாதி வெங்காயத்தில் அது தோன்றியது. என்னை வரைந்து என்ன பிரயோஜனம்?

"கனி, அவனை வரை. வரைஞ்சு இங்க மாட்டு. அவன் எங்க இருந்தாலும் அவன் கலரு வீட்டைப் பாத்து ஒதுங்கும்ல?"

மாரிக்கனி என் முகத்தையே பார்த்தாள். "கண் முன்னால உக்காராத ஆளை நான் வரைஞ்சதே இல்ல. அவனைக் கேக்காம செய்யுறதும் தப்பு. யோசிச்சுப் பாருக்கா, அவன் எங்கயோ உயரத்துல சாரத்துல நிப்பான், மிஷினுக்குள்ள கைய விட்டிருப்பான், திடீர்னு தன் கை தனக்கே தள்ளித் தெரிஞ்சா? கேஸ் அடுப்பைப் பத்தவைக்கப் பயப்படுறவ நீ. இதுக்குப் பயமா இல்லையா உனக்கு?"

பயமாகத்தான் இருந்தது. அந்தப் பயத்தை எடுத்து ஒரு பக்கமும், அவனிடமிருந்து இனி ஒரு தகவலும் வராமலே போகிற பயத்தை எடுத்து இன்னொரு பக்கமும் வைத்துப் பார்த்தேன். "வரை" என்றேன்.

அவன் உட்காரும் பிளாஸ்டிக் நாற்காலியில் என்னை உட்காரவைத்தாள். போட்டோவைக் காட்டினால் வேண்டாம் என்றாள், செல்போனில் தானே எடுத்துக்கொண்ட படத்தில் இடம் வலம் மாறியிருக்கும், அதை நம்பி வரைந்தால் வேறு எவனாவது ஒதுங்குவான் என்றாள். வாயால் சொல்லச் சொன்னாள். அப்போதுதான் எனக்குத் தெரிந்தது, இருபத்தி மூன்று வருடம் பார்த்த முகத்தைச் சொல்ல என்னிடம் சொல் இல்லை.

"புருவத்துல வெட்டு எந்தப் பக்கம்?"

"இடது."

"வலது" என்றார் என் வீட்டுக்காரர். "கிணத்தடியில விழுந்தப்ப நாந்தான தூக்கிட்டு ஓடுனேன். என் தோள்ல சாஞ்சிருந்தான், ரத்தம் என் காதுல வழிஞ்சுச்சு. என்னோட இந்தக் காது. அப்போ அவனுக்கு இது."

அவர் தன் காதைத் தொட்டுக்காட்டி, காற்றில் ஒரு தலையைச் சாய்த்துக்காட்டினார். வலதுதான்.

"காது ஒட்டியிருக்குமா, விரிஞ்சா?"

"விரிஞ்சு. தொப்பி போட்டா நிக்கும்."

"சிரிச்சா?"

"எங்க சிரிச்சான். இந்த ரெண்டு வருசமா போனைப் பாத்துத்தான் சிரிப்பான்" என்றேன்.

"அதையே சொல்லு. போனைப் பாத்து எப்படிச் சிரிப்பான்?"

நான் செய்துகாட்டினேன். கீழ் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டு, மூக்கால் மட்டும் சிரிப்பது. செய்துகாட்டியபோது அது என் சிரிப்பாகவும் இருந்தது, அதுவரை எனக்குத் தெரியாது. மாரிக்கனி அதைப் பார்த்துக்கொண்டே விரலை மையில் தொட்டாள்.

அவள் எடுத்த தாளில் ஒரு பிள்ளையாரும் பிஸ்கட் பாக்கெட்டும் ஆகஸ்ட் மாதமும் கிடந்தன. முதல் நாள் மஞ்சள். இரண்டாம் நாள் சிவப்பு. மூன்றாம் நாள் நீலம். ஒவ்வொரு நாளும் வரைந்து முடித்ததும் நான் வாசலில் வந்து நின்று, இந்நேரம் அவனுக்கு மஞ்சள் ஒதுங்கியிருக்கும், இந்நேரம் சிவப்பு ஒதுங்கியிருக்கும், சாரத்தில் நிற்காமல் தரையில் நிற்க வேண்டும், சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், உயிரோடு இருக்க வேண்டும் என்று மேற்கே பார்த்து வேண்டிக்கொண்டேன். நாலாம் நாள் கறுப்பு. கோடு விழுந்ததும் அழகுராஜ் தாளிலிருந்து எங்களைப் பார்த்து மூக்கால் சிரித்தான். பிள்ளையாரின் தும்பிக்கை அவன் தோளில் கை போட்ட மாதிரி இருந்தது. நாலு மூலையிலும் நாலு பிளஸ், நூல் பிசகவில்லை. என் வீட்டுக்காரர் வீட்டிலிருந்த கத்திரிக்கோல், பிளேடு எல்லாவற்றையும் பொறுக்கி ஒரு பையில் கட்டி அடுத்த வீட்டில் கொடுத்துவிட்டு வந்தார்.

படத்தை ஹாலில் மாட்டினோம். தெருவே வந்து பார்த்துவிட்டுப் போனது. சோலையப்பண்ணாச்சி லென்ஸோடு வந்து நாலு மூலையும் பார்த்து, "ஓகே" என்றார். டீக்கடையில் அது ஒரு பேச்சாகிவிட்டது, துபாயிலிருந்து சிவகாசி எந்தப் பக்கம், பையனுக்கு எந்தப் பக்கம் ஒதுங்கும் என்று. காலண்டர் அச்சகத்தில் உலகப்படம் அடித்த தாள் ஒன்று கிடந்தது, அதை விரித்து ஸ்கேல் வைத்துப் பார்த்தார்கள். நடுவில் கடல், அந்தக் கரையில் துபாய், இந்தக் கரையில் நாம். அவனுக்குக் கிழக்கே ஒதுங்க வேண்டும், கொஞ்சம் தெற்கு கலந்த கிழக்கு, ஒரு விரற்கடை. அந்தத் தாளில் இருந்த கடலை நான் விரலால் தடவிப் பார்த்தேன், அதுவும் நீலப் புள்ளிகள்தான், ஆனால் அகலமாக இருந்தது. எனக்கு நீச்சல் தெரியாது. அவனுக்கும் தெரியாது.

பதினோரு நாள் போனது. பன்னிரண்டாம் நாள் காலை பத்து மணி இருக்கும், மாரிக்கனி எங்கள் வீட்டு வாசலில் உட்கார்ந்து மை டப்பாக்களைத் துடைத்துக்கொண்டிருந்தாள், என் வீட்டுக்காரர் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார், தெரியாத நம்பரிலிருந்து போன் வந்தது.

"யம்மா. சித்தி என்னைய வரைஞ்சுச்சா?"

கையை ஆட்டி மாரிக்கனியைக் கூப்பிட்டேன்.

"கேக்குதா? வரைஞ்சுச்சா இல்லையா? இங்க ஒருத்தரும் பக்கத்துல வர மாட்டேங்காங்க. மொதல்ல மஞ்சக்காமாலைன்னாங்க. மறுநாளு அம்மைன்னாங்க. மூணாம் நாளு எவனோ பேய்னு சொல்லிட்டான். முதலாளி சம்பளத்தோட லீவு குடுத்து ஆஸ்பத்திரிக்குப் போங்கிறாரு. நான் எப்படிச் சொல்லுவேன் இவங்ககிட்ட, எங்க சித்தி ஆர்ட்டிஸ்ட்னு?"

"அழகு" என்றேன். "நல்லா இருக்கியாடா? துபாய் எப்படி இருக்கு?"

பின்னால் ஏதோ எண்ணெய் கொதிக்கிற சத்தம், யாரோ இந்தியில் கத்துகிற சத்தம்.

"இருக்கு. நல்லா இருக்கு. வெயிலு."

"விழுந்து கிழுந்து வைக்கலையே? கலரு ஒதுங்கும்போது எங்கடா நின்ன?"

"தூங்கிட்டிருந்தேன்மா."

சாமி என்று சொல்லிக்கொண்டேன். மாரிக்கனி துணியும் கையுமாக வந்து என் அருகில் நின்றாள், அவர் ஒரு கால் செருப்போடு வந்து நின்றார். போனை அவர்களுக்கும் கேட்கும்படி வைத்தேன்.

"அழகு, வெளியில வந்து நில்லு. சூரியன் தெரியுதா?"

"எதுக்கு?"

"தெரியுதா?"

"தெரியுது."

"உன் கலரு சூரியன் பக்கமா ஒதுங்கியிருக்கா?"

அவன் சிவகாசிப் பிள்ளை, பிறந்ததிலிருந்து இந்தத் தெருவில் ஆட்களின் திசையைப் பார்த்து வளர்ந்தவன், நான் கேட்பது என்னவென்று அவனுக்குத் தெரியும். அவன் மூக்கை உறிஞ்சினான்.

"யம்மா, அந்த ஏஜென்ட்டு பம்பாயில வச்சே..."

"அதெல்லாம் அப்புறம் கேட்டுக்கிடுறேன். உன்னைய ஒண்ணும் சொல்ல மாட்டேன். கோடு எங்க நிக்குது, கலரு எங்க நிக்குது, அதை மட்டும் சொல்லு. எந்தப் பக்கம்டா?"

"தெக்க" என்றான். "நேர் தெக்க. ஒண்ணரை நூலு."

என் வீட்டுக்காரர் சுவரில் மாட்டியிருந்த படத்தைப் பார்த்தார், மாரிக்கனி என்னைப் பார்த்தாள். நான் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன்.

"அப்போ நடுவுல கடல் இல்லடா" என்றேன்.